கைகட்டிக் கேட்ட கச்சேரி

சால்ட்வேகன் ராக் இசைக்குழுவை நான் முதன்முதலாகப் பார்த்தபோது மேடையில் ஐந்து பேர் இருந்தார்கள். ஐவரும் ஒரிஜினல். இன்று மிச்சம் இருப்பவர் டிரம்ஸ் அடிக்கும் ஹாலிஸ் ஒருவர்தான். அவருக்கும் இடுப்பையும் வலது முழங்காலையும் மாற்றியாகிவிட்டது. ஹாலிஸில் எத்தனை பங்கு ஒரிஜினல் என்பது எங்களுக்குள் இன்னும் தீராத வழக்கு.

எங்களுக்குள் என்றால் ரஸ், கிப், நான். மூவருக்கும் எழுபதை ஒட்டிய வயது. ஒவ்வொரு ஆகஸ்டிலும் எங்கள் கவுண்டிச் சந்தையில், பன்றிப் போட்டிக்கும் டிராக்டர் இழுவைக்கும் நடுவே ஒரு நாள், சால்ட்வேகன் வந்து வாசித்துவிட்டுப் போகும். அன்று மத்தியானமே ரஸ்ஸின் பிக்கப் வண்டியைப் புல்வெளியில் நிறுத்தி, மடக்கு நாற்காலிகளைப் போட்டு, கரியடுப்பில் சாசேஜ் சுட்டபடி, கச்சேரி தொடங்கும்வரை பழைய கச்சேரிகளைப் பற்றிச் சண்டை போடுவோம். எங்கள் வீட்டுப் பெண்கள் இந்தப் புனித யாத்திரைக்கு வருவதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள்.

எங்கள் உலகில் மனிதர்களுக்கு ஒரு வரிசை உண்டு. ஒரிஜினல் ஐவரையும் ஒன்றாகப் பார்த்தவர்கள் மேல்தட்டு. பாடகர் போன பிறகு பார்த்தவர்கள் நடுத்தரம். தொண்ணூறுகளில் பார்க்க ஆரம்பித்தவர்களிடம் நாங்கள் மரியாதையாக நடந்துகொள்வோம், ஆனால் பேச்சை வளர்க்கமாட்டோம். என் வாழ்க்கையில் நான் மேல்தட்டில் இருந்த ஒரே இடம் இதுதான் என்பதால் எனக்கு இந்த ஏற்பாட்டில் குறை எதுவும் தெரியவில்லை.

இன்னொரு வழக்கமும் உண்டு. அதைச் சொல்லாமல் மற்றது புரியாது. 'ஒன்பதாவது மைல்' என்ற பாட்டின் நடுவில் நீளமான ஒரு கிட்டார் வாசிப்பு வரும். பழைய கிட்டார்காரர் டெல் ஹான்ராட்டி அமைத்தது. அதில் ஒரு சொல்கூடக் கிடையாது. ஆனால் கூட்டம் முழுவதும் எழுந்து நின்று அந்த வாசிப்பை ஒவ்வொரு சுரமாகக் கூடவே பாடும். ஆயிரக்கணக்கான பேர் 'டா ரா ரா' என்று. வெளியே நின்று கேட்பவர்களுக்கு மாட்டுப் பண்ணை தீப்பிடித்ததுபோல இருக்குமாம். எங்களுக்கு அது தேவாலயம். டெல் காதில் கையை வைத்துக் குனிந்து, இன்னும் சத்தம் என்று சைகை காட்டுவார். நாங்கள் தொண்டை கிழியக் கொடுப்போம்.

இந்த ஆகஸ்டில், சாசேஜ் பாதி வெந்திருந்தபோது, கார்களுக்கு நடுவே ஒரு பெண்மணி வந்தார். எங்கள் வயதுதான். அந்த வெயிலிலும் ஆண்கள் போடும் பெரிய கோட்டு ஒன்றைப் போட்டிருந்தார். கோட்டின் கைகளை இரண்டு மடிப்பு மடித்துவிட்டிருந்தார். ஒவ்வொரு வண்டியாக நின்று ஏதோ கேட்டுவிட்டு வந்தவர், எங்களிடமும் நின்றார்.

"எண்பத்துமூணு மார்ச்ல, சேகினா டவுன்ல நடந்த கச்சேரிக்குப் போனவங்க யாராவது இருக்கீங்களா?"

ஒரு ரசிகனிடம் இப்படிக் கேட்டால் அவன் அன்று பிறக்காமலே இருந்திருந்தாலும் கையைத் தூக்குவான். மூவரும் தூக்கினோம். ரஸ்ஸும் நானும் உண்மையாகவே போயிருந்தோம். கிப்பைப் பற்றி எனக்கு அப்போதே சந்தேகம்.

"ஆனா அது டெல் இல்லாத சமயம்," என்றான் ரஸ். "பாடகரோட சண்டை போட்டுக்கிட்டு அவர் ஃப்ளோரிடா போயிட்டார். வாடகைக்கு ஒரு ஆளை வச்சு ஒப்பேத்தினாங்க. அதையெல்லாம் நாங்க கணக்குல சேர்க்கறதில்ல."

"அந்த வாடகை ஆள் என் வீட்டுக்காரர்," என்றார் அவர். "லைல் டுபே. நான் லொரெய்ன்."

சாசேஜ் மட்டும் சத்தம் போட்டது. ரஸ் தன் வாழ்நாளில் முதன்முறையாக ஒரு நாற்காலியைப் பிறருக்காக விரித்துப்போட்டான். பிறகு பீர் வேண்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றார். தண்ணீர்? வேண்டாம். சாசேஜ்? அதற்கும் வேண்டாம் என்றார்.

இப்படிப்பட்ட நேரங்களில் வாயைத் திறப்பதற்கென்றே பிறந்தவன் கிப். "லைல் டுபேயா! மறக்க முடியுமா அவரை! கிட்டாரைத் தலைக்குப் பின்னால வச்சு வாசிச்சாரே, அடடா!"

"அவருக்குக் கை அவ்வளவு தூரம் போகாதுங்க. சின்ன வயசுல மரத்துலருந்து விழுந்து தோள்பட்டை உடைஞ்சவர்."

"இல்ல இல்ல, அந்த வெள்ளைச் சட்டை, அதுல முத்து வச்சு தைச்சு…"

"அது டெல்," என்றார் லொரெய்ன். அவர் குரலில் கோபம் இல்லை. அன்று எத்தனை வண்டிகளிடம் இதே பதிலைச் சொல்லியிருப்பாரோ.

கிப்பைக் கேலி செய்ய எனக்கு யோக்கியதை இல்லை. சேகினா கச்சேரியை நினைத்துப் பார்த்தால் என் கண்ணிலும் வெள்ளைச் சட்டையில் டெல்தான் நின்றார். அன்று அவர் ஃப்ளோரிடாவில் மீன் பிடித்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் நின்றார், காதில் கைவைத்து. எங்களைப் போன்றவர்களுக்கு வரும் வியாதி இது. ஆளை மாற்றுவது குழு. அதை ஒப்புக்கொள்ளாமல் பழைய ஆளைத் திரும்பக் கூட்டிவந்து நிறுத்துவது நாங்கள். யார் எப்போது வந்தார், எப்போது போனார் என்று மாதவாரியாகச் சொல்வோம். நிஜமாக அங்கே நின்றவரின் முகத்தைக் கேட்டால் ஒருவனுக்கும் தெரியாது.

"அவரு ஆறு மாசந்தான் வாசிச்சார். ஒரு ரிக்கார்டுலயும் இல்ல," என்றார் லொரெய்ன். "டெல் திரும்பி வந்ததும் அனுப்பிட்டாங்க. அதுக்கப்புறம் பே சிட்டில ஸ்கூல் பஸ் ஓட்டினார். ஞாயித்துக்கிழமை சர்ச்சுல வாசிப்பார். இந்த வருஷம் பனி உருகறதுக்கு முன்னாலயே போயிட்டார்."

நாங்கள் வருத்தம் தெரிவித்தோம். அவர் தலையசைத்துவிட்டுத் தொடர்ந்தார்.

"அவரு அந்த ஆறு மாசத்தைப் பத்தி அதிகம் பேசினதில்ல. ஒண்ணு மட்டும் சொல்லுவார். சேகினால அந்தப் பெரிய வாசிப்பு வந்தப்போ கூட்டத்துல ஒருத்தர்கூடப் பாடலையாம். ஹால் மொத்தமும் அமைதியாயிடுச்சாம். அடக்கம் முடிஞ்சு சர்ச்சுல சாப்பிட்டுட்டு இருக்கறப்ப அவரோட தம்பி இதைச் சொல்லிச் சிரிச்சான். 'சால்ட்வேகன் கூட்டமாவது, வாயை மூடறதாவது. லைல் அளந்துவிட்ட கதை'ன்னான். எல்லாரும் சிரிச்சாங்க. பாசமாத்தான் சிரிச்சாங்க. எனக்குத்தான் உருளைக்கிழங்கு இறங்கல."

ரஸ் என்னைப் பார்த்தான். நான் அடுப்பைப் பார்த்தேன்.

லைல் சொன்ன அமைதி சேகினாவில் நிஜமாகவே இருந்தது. அதற்குக் காரணம் என் எதிரே மஞ்சள் தொப்பி போட்டு உட்கார்ந்திருந்தான். டெல் இல்லாமல் அந்தப் பாட்டா என்று கொதித்துப்போன ரஸ், அன்று சேகினாவில் வாசலுக்கு வெளியே நின்ற வரிசை முழுக்க நடந்து, ஒவ்வொருவரிடமும் சொல்லிவைத்தான்: அந்த வாசிப்பு வரும்போது யாரும் பாடக் கூடாது, எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு வாயை மூடி நிற்கவேண்டும். ரஸ்ஸுக்கு அப்போதே மைக் தேவைப்படாத குரல். கூட்டம் அப்படியே செய்தது. நாங்கள் டெல்லுக்கு விசுவாசமாக நடந்துகொண்டோம். மேடையில் யார் நிற்கிறார் என்று நினைத்துப் பார்க்கவில்லை.

இதை எப்படி இந்த அம்மாளிடம் சொல்வது? பாதியைச் சொல்லி நிறுத்திவிடலாம் என்று முடிவு செய்தேன். கோழைகளுக்குப் பாதி உண்மை நல்ல நிழல் தரும்.

"உங்க வீட்டுக்காரர் அளந்துவிடலைங்க," என்றேன். "நான் அங்க இருந்தேன். ஊசி விழுந்தா கேக்கும். அவ்வளவு அமைதி."

"அது தெரியும்," என்றார் லொரெய்ன். "ஏன் அமைதின்னும் தெரியும்."

கிப் இருமினான்.

"கச்சேரிக்கு முன்னால பசிக்குதுன்னு வெளிய வந்து ஹாட் டாக் வாங்க நின்னிருக்கார். அவரு மூஞ்சி யாருக்கும் தெரியாது, போஸ்டர்லகூட டெல் படந்தான். அப்போ மஞ்சள் தொப்பி போட்ட ஒருத்தர் வந்து, 'தோழரே, ஒன்பதாவது மைல் வரும்போது கையைக் கட்டு, வாயை மூடு. அந்த டூப்ளிகேட்டுக்கு நாம யாருன்னு காட்டணும்'னு சொன்னாராம். இவரும் சரின்னு தலையாட்டிட்டு, கடுகுச் சாஸை வாங்கிக்கிட்டு உள்ள போயிட்டார்."

ரஸ் மெதுவாகத் தொப்பியைக் கழற்றி நாற்காலிக்கு அடியில் வைத்தான்.

"போட்டுக்கங்க, வெயில் அடிக்குது," என்றார் லொரெய்ன். "தொப்பியைப் பார்த்து நான் கண்டுபிடிக்கல. 'கணக்குல சேர்க்கறதில்ல'ன்னு சொன்னீங்க பாருங்க, அப்பவே தெரிஞ்சுபோச்சு. அவரு உங்க குரல்லயே பேசிக் காட்டுவார். எங்க பசங்க சாப்பிடாம அடம்பிடிச்சா, 'கையைக் கட்டு, வாயை மூடு'ன்னு உங்களை மாதிரியே கத்துவார். எங்க வீட்டுல நீங்க ரொம்பப் பிரபலம்."

ரஸ்ஸின் முகம் சாசேஜ் நிறத்துக்கு வந்தது. மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தான் என்று நினைக்கிறேன். லொரெய்ன் விடவில்லை.

"நான் சண்டை போட வரல. கேள்வி வேற. முதல்ல அது கோவமான அமைதிதான்னு சொல்லுவார். ஆனா பாதி வாசிப்புல அது மாறிடுச்சாம். 'அதுக்கப்புறம் அவங்க கேட்டுட்டு இருந்தாங்க, லொரெய்ன்'னு சொல்லுவார். 'உங்களுக்கு எப்படித் தெரியும், விளக்கு வெளிச்சத்துல கண்ணே தெரியாதே'ன்னு கேப்பேன். 'பஸ்ல பின்னால பசங்க சத்தம் போடாம இருந்தா, எதையோ உடைச்சிட்டுச் சும்மா இருக்காங்களா, இல்ல ஜன்னல்ல மானைப் பார்த்துட்டுச் சும்மா இருக்காங்களான்னு திரும்பாமலே தெரியும், அது மாதிரிதான்'னு சொல்லுவார்."

கோட்டின் கைமடிப்பு அவிழ்ந்துவிட்டது. அதை மறுபடி மடித்தார்.

"மாறுச்சா? இல்ல, மாறினதா அவரு நினைச்சுக்கிட்டாரா? அது ஒண்ணுதான் எனக்குத் தெரியணும். இல்லைன்னாலும் இல்லைன்னே சொல்லிடுங்க. இந்த வயசுல தாங்கிக்குவேன்."

கிப் வாயைத் திறந்தான். "நீங்க வேண்டாம்," என்றார் லொரெய்ன். கிப் மூடினான்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு ஆம் என்று சொல்ல ஆசை. சொல்லிவிட்டால் அது கிப் சொல்லும் 'ஆமாம்' மாதிரித்தான் இருக்கும். அதனால் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடி, சேகினாவுக்குள் போனேன். வாசலிலேயே டெல் வெள்ளைச் சட்டையில் நின்றார். அவரைக் கொஞ்சம் நகர்ந்துகொள்ளச் சொன்னேன். நாற்பது வருஷமாக நின்ற இடம், சுலபத்தில் நகரவில்லை.

அவர் நகர்ந்தபிறகும் அங்கே லைலின் முகம் இல்லை. முத்துச் சட்டை இல்லாத ஒரு மனிதரின் உருவம், அவ்வளவுதான். ஆனால் சத்தம் இருந்தது.

"இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல," என்று ஆரம்பித்தேன். "சொல்லாம மறைக்கல, இது ஒரு ஞாபகம்னே எனக்குத் தோணல. அந்தப் பாட்டை நான் எத்தனையோ தடவை நேர்ல கேட்டிருக்கேன். ஆனா கேட்டதில்ல. நான் கத்தறதைத்தான் கேட்டிருக்கேன். என் பக்கத்துல இவன் கத்தறதை. அன்னிக்கு எல்லாரும் வாயை மூடினதால முதல் தடவையா கிட்டார் கேட்டுது. அந்த வாசிப்பு ஏறி ஏறிப் போய் உச்சிலருந்து இறங்கறதுக்கு முன்னால ஒரு இடம் வரும். அங்க ஒண்ணுமே இல்ல. சும்மா விடறாங்க. ஒரு மூச்சு நேரம். அப்படி ஒரு இடம் இருக்கறதே எனக்குத் தெரியாது, ஏன்னா அங்கதான் நாங்க அத்தனை பேரும் உஸ்ஸுன்னு மூச்சு வாங்குவோம். உங்க வீட்டுக்காரர் அந்த இடத்துல நிறுத்தினார். கையைத் தந்தியிலருந்து எடுத்துட்டார்."

"அப்புறம்?"

"அப்புறம் என் விலால ஒரு இடி. இவன் முழங்கை. 'கையைக் கட்டுடா மடையா'ன்னான். அப்பத்தான் பார்க்கறேன், என் கை ரெண்டும் கீழ தொங்குது. எப்போ அவிழ்ந்துச்சுன்னு எனக்குத் தெரியாதுங்க. நான் அவிழ்க்கல."

வேறு எதை நான் கற்பனை செய்திருந்தாலும் அந்த இடி நிஜம். ஒரு வாரம் வலித்தது. என் விலா எலும்புக்கு என் அளவுக்குப் பொய் சொல்ல வராது.

லொரெய்ன் ரஸ்ஸிடம் திரும்பினார். "இடிச்சீங்களா?"

"ஞாபகமில்ல," என்றான் ரஸ். சாசேஜைத் திருப்பினான். அது ஏற்கெனவே கரிக்கட்டை. இன்னொரு முறை திருப்பினான். "இடிச்சேன்."

"எதுக்கு?"

"கட்டணும்னு பேசி வச்சா கட்டணும். இவன் எப்பவுமே இப்படித்தான். பாதில விட்டுருவான்."

"உங்க கை?"

ரஸ் நிமிர்ந்தான். பொய் சொல்ல இதைவிட நல்ல சந்தர்ப்பம் அவனுக்கு வாழ்க்கையில் அமைந்திருக்காது. சொல்லியிருந்தால் அவனை நான் அன்றே மன்னித்திருப்பேன். "என் கை கட்டித்தாங்க இருந்துச்சு," என்றான். "கடைசி வரைக்கும். எனக்கு ஒண்ணும் கேக்கல. கேக்கக் கூடாதுன்னுதான் நின்னேன்."

"ஒருத்தர் அவிழ்த்துட்டார், ஒருத்தர் கட்டியிருந்தார்," என்றார் லொரெய்ன். அதை வைத்து என்ன செய்வதென்று தெரியாதவர்போலத் தன் மடியைப் பார்த்தார். "மத்தவங்க எப்படியோ."

"கச்சேரிக்கு வாங்க," என்றான் ரஸ் திடீரென்று. "எங்களோட உக்காருங்க."

"எங்கிட்ட டிக்கெட் இல்லையே. நான் கேக்கத்தான் வந்தேன்."

"கிப்போட இடம் இருக்கு," என்றான் ரஸ். கிப் என்ன சொல்கிறான் என்று யாரும் கேட்கவில்லை. அவன் நல்லவன். தன் டிக்கெட்டோடு உட்கார்வதற்கான மெத்தைத் திண்டையும் கொடுத்துவிட்டு, வேலிக்கு வெளியே ராட்டினத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டான். அவன் சேகினாவுக்கு வரவே இல்லை என்பதை அந்த நேரத்தில்தான் ஒப்புக்கொண்டான். அன்று அவனுக்கு அம்மை போட்டிருந்ததாம்.

வெயில் இறங்காத நேரத்திலேயே சால்ட்வேகன் மேடை ஏறியது. ஹாலிஸை இருவர் கைத்தாங்கலாக டிரம்ஸுக்குப் பின்னால் கொண்டுபோய் உட்காரவைத்தார்கள். கிட்டார் வாசித்தது ஒரு இளம் பெண். லைல் ஹாட் டாக் வாங்கப் போனபோது இவளுடைய அம்மாவே பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பாள். லொரெய்ன் எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தார். கோட்டைக் கழற்றவில்லை. அது யாருடையது என்று நாங்கள் கேட்கவில்லை, கேட்கவேண்டிய அவசியமும் இல்லை.

'ஒன்பதாவது மைல்' ஆரம்பித்ததும் பலகை இருக்கைகள் அதிரக் கூட்டம் எழுந்தது. நாங்களும் எழுந்தோம். அந்தப் பெண் முதல் சுரத்தைத் தொட்டாள். அவ்வளவுதான், பண்ணை தீப்பிடித்தது. என் வாய் தானாகத் திறந்தது. இழுத்து மூடினேன். நாற்பது வருஷத்துப் பழக்கம், கொட்டாவியை அடக்குவதுபோல இருந்தது. லொரெய்னுக்கு அந்தப் பக்கம் ரஸ் கையைக் கட்டிக்கொண்டு, வாயை இறுக்கி மூடி, மேடையை முறைத்தபடி நின்றான். அதே நிலை, அதே தொப்பி. ஒரு கணம் எனக்குக் கோபம் வந்தது. இன்னுமாடா? பிறகுதான் அவன் ஒரு காதை மேடைப் பக்கம் சாய்த்திருப்பதைக் கவனித்தேன். அவன் இந்தத் தடவை கேட்க முயன்றுகொண்டிருந்தான்.

ஒன்றும் கேட்கவில்லை. எப்படிக் கேட்கும்? எங்களைச் சுற்றி ஒரு ஊரே அலறியது. பின்வரிசையில் வெயிலில் சிவந்த முகத்துடன் ஒரு ஆள் ரஸ்ஸின் தோளைத் தட்டினான்.

"என்ன பெரியவரே, பாட்டு தெரியாதா? பாடுங்க!"

ரஸ் திரும்பினான். "கேட்டுட்டு இருக்கோம்யா. மூடிக்கிட்டுப் பாடு!"

அந்த ஆள் அதை யோசித்துப் பார்ப்பதற்குள் வாசிப்பு ஏறிக்கொண்டே போயிற்று. லொரெய்ன் முன்னிருக்கையின் கம்பியைப் பிடித்திருந்தார். உச்சி வந்தது. அந்த இடமும் வந்தது. கூட்டம் மொத்தமாக மூச்சு வாங்கியது. அந்தப் பெண் தந்தியிலிருந்து கையை எடுத்தாள். அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியாது. ஒரு மூச்சு நேரம் சந்தை மைதானத்தில் ராட்டினத்தின் கிறீச்சொலி மட்டும் இருந்தது.

பிறகு வாசிப்பு இறங்கியது, கூட்டமும் அதோடு கத்திக்கொண்டு இறங்கியது. நான் ரஸ்ஸைப் பார்த்தேன்.

அவன் கைகள் இரண்டும் கீழே தொங்கிக்கொண்டிருந்தன. நீண்ட தூரம் பைகளைச் சுமந்தவன் அவற்றை இறக்கி வைத்ததுபோல விரல்கள் விரிந்திருந்தன. அவனுக்கே தெரியவில்லை.

எண்பத்துமூன்றிலிருந்து நான் அவனுக்குத் திருப்பித் தரவேண்டிய இடி ஒன்று பாக்கி இருக்கிறது. லொரெய்னுக்குப் பின்னால் கையை நீட்டினால் அவன் விலா எட்டும் தூரம்தான். கையைக்கூடத் தூக்கிவிட்டேன். பிறகு அதை என் கால்சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

லொரெய்ன் மேடையைப் பார்க்கவில்லை. ரஸ்ஸின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.